காற்றாலைக்கு இடம் பார்க்கிறவர்கள் ஐப்பசியில் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் பொதுப்பணித் துறையில் பாசன லஸ்கராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முப்பத்தொரு வருடம் ஷட்டர் ஏற்றி இறக்குவதும், கரையில் நடப்பதும், முறை வைத்துத் தண்ணீர் விடுவதும்தான் என் பிழைப்பு. ஊர் தலைஞாயிறுக்குப் பக்கம், அரிச்சந்திரா நதியின் கடைமடை. மேட்டூரை ஜூன் 12-ல் திறந்தாலும் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் தலைகாட்ட ஆனி பாதியாகிவிடும்.

போன பங்குனியில், உளுந்து பிடுங்கிக்கொண்டிருந்த நேரத்தில், காரில் இரண்டு பேர் எங்கள் ஊருக்கு வந்தார்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, காற்றாலை வைக்க நிலம் தேடுவதாகச் சொன்னார்கள். பட்டா யார் பேரில், ஒரே இடத்தில் எத்தனை ஏக்கர் சேரும், லாரி போக வழி உண்டா என்று கேட்டார்கள். காற்று அளந்த கணக்கு எதுவும் அவர்கள் கையில் இல்லை. "கடல் பக்கம்தானே, காத்து நல்லா அடிக்குதே" என்றார் ஒருவர். ஏக்கருக்கு வருடக் குத்தகையாக ஒரு தொகையைச் சொல்லி, செல்போன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து ஊரில் இதே பேச்சு. நேற்றுவரை ஒரே வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்ட பங்காளிகள் இன்று சர்வே நம்பரை வைத்துச் சண்டை போடுகிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

காற்றாலைக்கு நான் எதிரி இல்லை. என் மூத்த மகளைக் கட்டிக்கொடுத்திருப்பது ஆரல்வாய்மொழியில். மாப்பிள்ளை காற்றாலை டெக்னீஷியன். அந்தக் காத்தாடியில் ஏறி இறங்கித்தான் என் பேரப்பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். மகளின் முதல் பிரசவத்துக்கு முன்னால் ஓர் ஆனி மாதம் அங்கே போய் ஒரு வாரம் தங்கினேன். முப்பந்தலில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. தோளில் கிடந்த துண்டு போன திசையே தெரியவில்லை. சாலையோரத்து வேம்பும் உடைமரமும் கிழக்கே சாய்ந்தே வளர்ந்திருந்தன. ஒரு நாள் காற்றில் சாய்ந்த சாய்ப்பு இல்லை. நட்ட நாளிலிருந்து ஒரே பக்கம் தள்ளித் தள்ளி, கிளையெல்லாம் ஒரு புறமாகவே போயிருந்தது. "மாமா, மெஷின் வைக்கிறதுக்கு முன்னாடி காத்தோட கணக்கை மரம் எழுதி வைச்சிருக்கும்" என்றார் மாப்பிள்ளை. அந்த வார்த்தை இன்னும் என் மனதில் நிற்கிறது.

அங்கே காற்று வருவதற்குக் காரணம் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடிகிற இடத்தில் ஒரு கணவாய். வைகாசி கடைசியிலிருந்து புரட்டாசி வரைக்கும் தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடுக்கில் நெருக்கிக்கொண்டு புகுந்து வருகிறது. வாய்க்காலைக் குறுக்கினால் தண்ணீர் வேகம் பிடிக்கிற மாதிரிதான். செங்கோட்டையிலும், பாலக்காட்டுக் கணவாயிலும், கம்பம் பள்ளத்தாக்கிலும் இதே கதை. தமிழ்நாட்டில் இன்று 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை நிற்கிறது என்றால், அதில் பெரும்பகுதி இந்த நான்கு வாசலுக்கு எதிரே நிற்பதுதான். 1986-ல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் சோதனைக்காகச் சில சிறிய காற்றாலைகளை வைத்துப் பார்த்த காலத்திலிருந்து இன்றுவரை, இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் இந்தத் தொழிலில் பாதி வேலை என்பார் மாப்பிள்ளை.

அவர் சொல்லிக்கொடுத்த ஒரு கணக்கை இங்கே எழுதுகிறேன், நம் ஆட்களுக்கு இது தெரிய வேண்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலிருக்கும் சக்தி எட்டு மடங்காகும். வினாடிக்கு 5 மீட்டர் வீசுகிற இடத்தையும் 6 மீட்டர் வீசுகிற இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் முகத்துக்கு இரண்டும் ஒரே காற்றுதான். ஆனால் இரண்டாவது இடத்தில் சக்தி முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடுதல். ஒரு இடத்தில் லாபம், இன்னொரு இடத்தில் கடன் என்பதை அந்த ஒரு மீட்டர்தான் முடிவு செய்யும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து "நல்லா அடிக்குதே" என்று சொல்லி அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒல்லியான கம்பி ஒன்றை ஆகாயத்துக்கு நிறுத்தி, பல உயரங்களில் கிண்ணம் சுற்றும் கருவியும் திசை காட்டும் கருவியும் வைத்து, குறைந்தது ஒரு வருடம் முழுக்க அளக்க வேண்டும். ஆடிக் காற்று எவ்வளவு, ஐப்பசி அமைதி எவ்வளவு, மார்கழி வாடை எவ்வளவு என்று எல்லாம் அதில் பதிவாகும். இதற்கென்றே சென்னை பள்ளிக்கரணையில் தேசிய காற்றாற்றல் நிறுவனம் இருக்கிறது.

எங்கள் பக்கம் காற்றே இல்லை என்று நான் சொல்லவில்லை. வெள்ளப்பள்ளத்து மீனவர்கள் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று ஒவ்வொரு காற்றுக்கும் பெயர் வைத்து அதைப் பார்த்துத்தான் படகை இறக்குகிறார்கள். ஆடியில் மேல்காற்று புழுதியை வாரிக்கொண்டு வரும். மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று வரும். ஆனால் எங்கள் ஊர் வேப்பமரம் நேராகத்தான் நிற்கிறது. மேலே 120 மீட்டர் உயரத்தில் வேறு கணக்கு இருக்கலாம். அப்படியென்றால் கம்பியை நட்டு அளந்து, அந்தக் கணக்கை கிராம சபையில் வைத்துவிட்டுப் பட்டாவைக் கேட்கட்டும். அதுதான் முறை.

சரி, காற்று போதுமென்றே வைத்துக்கொள்வோம். அதற்கு அப்புறம்தான் என் கவலை தொடங்குகிறது. அது தண்ணீரைப் பற்றியது.

வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு டெல்டா ஒரு மேஜை மாதிரி தெரியும். மலை இல்லை, பாறை இல்லை, கண்ணுக்கு எட்டிய தூரம் சமதளம், கிரேன் நிறுத்த இதைவிட நல்ல இடம் உண்டா என்று தோன்றும். நான் முப்பத்தொரு வருடம் நடந்த இடம் அது. அங்கே சமதளம் என்று ஒன்று கிடையாது. இந்த வயலுக்கும் அடுத்த வயலுக்கும் நாலு விரல் வித்தியாசம், வயலுக்குத் தண்ணீர் பிரியும் சின்ன வாய்க்காலான அந்தக் கண்ணாற்றுக்கும் இந்தக் கண்ணாற்றுக்கும் ஒரு சாண் வித்தியாசம். கடல் மட்டத்துக்கு ஓரிரு மீட்டர் மேலே இருக்கிற மண்ணில், அந்த நாலு விரலை நம்பித்தான் தண்ணீர் வயலுக்குள் வருகிறது, அதை நம்பித்தான் வெளியே போகிறது. பாசன வாய்க்கால் ஒரு பக்கம், வடிவாய்க்கால் ஒரு பக்கம். வருகிற வழியைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், போராட்டம் நடக்கும், பேப்பரில் வரும். போகிற வழியைப் பற்றி ஐப்பசி, கார்த்திகையில் மட்டும்தான் ஞாபகம் வரும்.

ஒரு காற்றாலை நிற்க, கோபுரத்தின் அடியில் சில நூறு கன மீட்டர் கான்கிரீட் வேண்டும். எங்கள் களிமண்ணில், தோண்டினால் ஊறுகிற நிலத்தில், ஆழத்துக்குக் கான்கிரீட் தூணாகப் பைல் இறக்காமல் அது நிற்காது. அதைக்கூட விடுங்கள், அது ஓரிடத்தில் முடிந்துவிடும். சாலைதான் எனக்குப் பயம். இப்போது வருகிற மெஷினின் இறக்கை ஒன்றே 60 மீட்டருக்கு மேல். அது ஒரே துண்டாக வர வேண்டும். நம் ஆற்றங்கரைச் சாலையில், மதகு மதகாகத் திரும்பி, அந்த நீளம் வராது. புதிதாகக் கிராவல் அடித்து, அகலமாக, கிரேனின் பாரம் தாங்குகிற மாதிரி வயல் நடுவே ரோடு போட வேண்டும். இரண்டு காற்றாலைக்கு நடுவே, காற்று வருகிற திசையில் இறக்கை வட்டத்தின் விட்டத்தைப் போல ஏழு மடங்கு, குறுக்கே ஐந்து மடங்கு இடைவெளி விடுவது வழக்கம் என்பார் மாப்பிள்ளை. விட்டம் 120 மீட்டர் என்றால் 840 மீட்டரும் 600 மீட்டரும். பத்து மெஷின் வைத்தால் பல மைல் ரோடு. ஆரல்வாய்மொழியில் செம்மண்ணிலும் சரளையிலும் அந்த ரோடு யாரையும் தொந்தரவு செய்யாது. எங்கள் ஊரில் அந்த மைல்கள் எத்தனை வடிவாய்க்காலைக் குறுக்கே வெட்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

நான் கற்பனையாகப் பயப்படவில்லை. 2008 நவம்பரில் நிஷா புயல். ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 சென்டிமீட்டர் மழை என்று பேப்பரில் வந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். அதற்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் ஊர் வயல்வெளியில் வேறொரு வேலைக்காக ஒரு மண் ரோடு போட்டார்கள். யார் போட்டது என்று இங்கே எழுத வேண்டியதில்லை. மூன்று அடி உயரம், அடியில் இரண்டு ஹியூம் பைப். போடும்போது சித்திரை மாதம், வெயிலில் வாய்க்கால் வெடித்துக் கிடந்தது. இரண்டு பைப் போதாது, நாலு வேண்டும், அதுவும் ஒன்றரை அடி கீழே இறங்க வேண்டும் என்று நான் சொன்னேன். பேசிக்கொள்ளலாம் என்றார்கள்.

நிஷா மழை பெய்த இரண்டாவது நாள் ராத்திரி அந்த ரோட்டில் நின்றேன். கையில் டார்ச், தலையில் யூரியாச் சாக்கை மடித்த கொங்காணி. ரோட்டுக்கு மேற்கே மார்பளவு தண்ணீர், கிழக்கே முழங்காலளவு. பைப் வாயில் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் சேர்ந்து அடைத்து, தண்ணீர் ஒரு கையகலத்துக்குச் சுழித்துச் சுழித்து உள்ளே போனது. மேற்குத் தெரு ஆட்கள் மண்வெட்டியோடு வந்து ரோட்டை வெட்டு என்றார்கள். கிழக்குத் தெரு ஆட்கள், வெட்டினால் மொத்தத் தண்ணீரும் ஒரே மூச்சில் எங்கள் வயலுக்கு வரும் என்று குறுக்கே படுத்தார்கள். இரண்டு பக்கமும் நியாயம். எல்லோரும் எனக்கு மாமன், மச்சான், பெரியப்பா. உத்தரவு கேட்டு மேலே ஆள் அனுப்பினேன், பதில் வரவில்லை. விடிகிற நேரத்தில் இரண்டு இடத்தில் வெட்டினோம். ஆனால் அதற்கு முன்பே மேற்கே தண்ணீர் நின்று நாளாகிவிட்டது, முழுக்க வடிய எட்டு நாள்.

ஒன்பதாம் நாள் சின்னம்மா வயலில் இறங்கிப் பார்த்தேன். சி.ஆர். 1009 ரக நெல், நட்டு ஐம்பது நாள் பயிர். ஒரு குத்தைப் பிடித்து இழுத்தேன். வேர் மண்ணிலேயே தங்கிவிட்டது, தாள் மட்டும் வெந்த கீரை மாதிரி கையோடு வந்தது. அந்த நாற்றம் கையை எத்தனை முறை கழுவியும் ரெண்டு நாள் போகவில்லை. சின்னம்மா வரப்பிலேயே உட்கார்ந்திருந்தது, ஒரு வார்த்தை பேசவில்லை. மழை நம் கையில் இல்லை. ஆனால் அந்த எட்டு நாளில் ஐந்து நாள் அந்த ரோடு கொடுத்தது. தண்ணீர் நான் பார்த்துப் பழகியது, எந்த வழியில் எத்தனை நாளில் வடியும் என்று எனக்குத் தெரியும்.

அதற்கு அப்புறம் நல்லதும் நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் அரிச்சந்திரா, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு, வளவனாறு, வேதாரண்யம் கால்வாய் எல்லாவற்றையும் தூர்வாரிக் கரையை உயர்த்தி, ரெகுலேட்டர் கட்டினார்கள். பொதுப்பணம் செலவழித்துத் திறந்த வழியை நாளைக்குத் தனியார் ரோடு போட்டு அடைத்துவிடக் கூடாது.

கஜா புயலையும் விட முடியாது. 2018 நவம்பர் 16 விடியற்காலை அது வேதாரண்யம் பக்கம்தான் கரையேறியது. தாத்தா காலத்துத் தென்னை வேரோடு சாய்ந்தது, மின்கம்பம் வரிசையாக ஒடிந்து கிடந்தது, எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர ஒரு மாதம் ஆனது. காற்று வினாடிக்கு 25 மீட்டரைத் தாண்டினால் மெஷின் தானே நின்று இறக்கையைக் காற்றுக்கு விளிம்பு காட்டித் திருப்பிக்கொள்ளும் என்கிறார் மாப்பிள்ளை. தலையைக் காற்றுக்கு நேராகத் திருப்பிவைக்க கரண்ட் வேண்டும், புயலில் முதலில் போவது கரண்ட்தான். புயல் கரையில் வைக்கிற மெஷினுக்கு அதற்கென்று தனி ஏற்பாடும் தனி உறுதியும் இருக்க வேண்டும். உப்புக் காற்று இரும்பை எப்படித் தின்னும் என்று எங்கள் ஷட்டர் கம்பிகளைப் பார்த்தாலே தெரியும், வருடத்துக்கு ஒரு முறை கிரீஸும் பெயின்ட்டும் அடித்தும் பத்து வருடத்துக்கு மேல் தாங்காது.

வயல் வேண்டாம் என்றால் உப்பளத்துப் பக்கம், சேற்றுத் திட்டில் வைக்கலாமே, அங்கே யாருக்கும் நஷ்டமில்லையே என்று ஒரு தம்பி கேட்டார். கோடியக்கரை 1967-லிருந்து சரணாலயம். தலைஞாயிறு காப்புக்காடு, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு எல்லாம் சேர்த்து 2002-ல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைச் சேர்க்கிற ராம்சார் பட்டியலில் வந்தது. ஐப்பசியில் எங்கிருந்தெல்லாமோ பறவை வந்து இறங்குகிற இடம். வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் ஏரிகளும் 2022-ல் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. பொழுது சாயும் நேரத்தில் ஏரிக்கும் வயலுக்கும் நடுவே கூட்டம் கூட்டமாகப் பறக்கும் நாரையும் கொக்கும் சுழலுகிற இறக்கையைப் பார்த்து ஒதுங்கும் என்று யார் உறுதி கொடுப்பது? எத்தனை உயரத்தில், எந்தப் பாதையில் பறக்கிறது என்று ஒரு வலசைக்காலம் முழுக்க எண்ணிப் பார்த்தவர்கள் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் கோயில் நிலமும் மடத்து நிலமும் நிறைய. உழுகிறவர் குத்தகைக்காரர், பட்டா வேறு பேரில். காற்றாலைக் குத்தகைப் பணம் பட்டாக்காரருக்குப் போகும், ரோடு போனதால் வீணாகும் வயல் குத்தகைக்காரருடையது. நடவுக்கும் களைக்கும் போகிற பெண்களை இந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதே இல்லை. மெஷின் சத்தத்துக்காகக் குடியிருப்பிலிருந்து 500 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் இருக்கிறது. வரப்பு ஓரத்துத் தனி வீடும், மாட்டுக் கொட்டகையோடு சேர்ந்த குடிசையும் அதில் கணக்கு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

2020-ல் நம் மாவட்டங்களைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் போட்டார்கள். அது பெயர் சொல்லித் தடுப்பது எண்ணெய், எரிவாயு எடுப்பதையும், உருக்காலைகளையும், அது மாதிரி சிலவற்றையும்தான். காற்றாலை அந்தப் பட்டியலில் இல்லை. புகை விடாத தொழில் என்பதால் இருக்கவும் தேவையில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் தடை இல்லை என்பதாலேயே எந்த வயலிலும் ரோடு அடிக்கலாம் என்று ஆகிவிடக் கூடாது.

மாவட்ட நிர்வாகத்துக்கும், இடம் தேடுகிற கம்பெனிகளுக்கும் உங்கள் பத்திரிகை வழியாக நான் கேட்பது இதுதான். கடைமடை நஞ்சையை விட்டுவிடுங்கள். மேட்டுப்பாங்கான, வானம் பார்த்த புஞ்சை நிலம் எங்கே இருக்கிறதோ அங்கே முதலில் கம்பியை நட்டு ஒரு வருடம் அளந்து பாருங்கள். துணைமின் நிலையம் எவ்வளவு தூரம், அது இந்தக் கரண்டை வாங்குமா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தெற்கே காற்று நன்றாக அடிக்கிற மாதத்திலேயே லைன் தாங்காது என்று மெஷினை நிறுத்தச் சொன்ன காலம் உண்டு, மாப்பிள்ளை அதைச் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார். எங்காவது ஒரு வாய்க்காலைத் தாண்டித்தான் ரோடு போக வேண்டும் என்றால், பைப் வேண்டாம், திறந்த பாலமாகக் கட்டுங்கள். கிரேன் வேலை சித்திரை, வைகாசியோடு முடியட்டும். முடிந்ததும் ரோட்டின் உயரத்தை வயல் மட்டத்துக்கு வெட்டி இறக்கிவிடட்டும். டெக்னீஷியன் பைக்கில் போய் வர அந்த வழி போதும், ஆரல்வாய்மொழியில் என் மருமகன் அப்படித்தான் போகிறார்.

இன்னொன்று. நிலம் பார்க்கிறவர்கள் எல்லோரும் பங்குனி, சித்திரையில்தான் வருகிறார்கள். அப்போது எல்லா வயலும் ஒன்று போலக் காய்ந்து கிடக்கும், எங்கே தண்ணீர் நிற்கும், எங்கே ஓடும் என்று ஒரு தடயமும் இருக்காது. ஐப்பசி கடைசியில், மூன்று நாள் அடைமழைக்கு அப்புறம் வரச் சொல்லுங்கள். அரிச்சந்திரா கரையிலிருந்து வேதாரண்யம் கால்வாய் வரைக்கும், எந்தெந்த இடத்தில் வடிகிறது என்று நானே கூட நடந்து காட்டுகிறேன். என் வீட்டுப் பின்சுவரில் 1977 முதல் ஒவ்வொரு பெருவெள்ளத்துக்கும் அப்பாவும் நானும் சுண்ணாம்பில் போட்ட கோடு இருக்கிறது. அதையும் அளந்து எழுதிக்கொள்ளட்டும். முழங்கால் வரை நனையும், கைலி கட்டிக்கொண்டு வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாசன லஸ்கர் ஒருவர்,
தலைஞாயிறு வட்டாரம், நாகப்பட்டினம் மாவட்டம்.